முடிவு ஒட்டவில்லை

இரண்டு ஊசியும் ஏறிவிட்டது. இனி நான்கு மணி நேரத்துக்கு இந்த இடது கை என்னுடையது இல்லை, டயாலிசிஸ் மெஷினுடையது. அசைக்கக் கூடாது, மடக்கக் கூடாது, அரித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். கோகிலா சிஸ்டர் டேப்பை ஒட்டிக்கொண்டே, "ரெண்டே முக்கால் கிலோ ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க, தண்ணியக் கொறைங்கன்னு எத்தன வாட்டிதான் சொல்றதுங்க" என்று வழக்கமான அர்ச்சனையை முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் என்ன வேண்டுமென்றா குடிக்கிறேன், சிறுநீரகம் இரண்டும் கைவிரித்து மூன்று வருஷமாகிறது, குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தேங்கிக்கொள்கிறது, நாக்குக்கு அது எங்கே புரிகிறது. ஏசி நேரே தலைக்கு மேல். கம்பளியைக் கழுத்து வரை இழுத்துவிட்டால் மார்பின் மேல் போன் கிடக்கிறது. வழக்கமாக அந்த இடத்தில் புத்தகம் கிடக்கும். வாரத்தில் மூன்று நாள் ஈரோட்டில் இந்தக் கட்டிலில் படுத்துப் படுத்து நான் முடித்த நாவல்களை அடுக்கினால் கட்டில் உயரத்துக்கு வரும், எல்லாம் எழில் அனுப்பியவை. எழிலரசி, என் ஒரே மகள், முப்பத்தொரு வயது, பெங்களூரில் வேலை. இன்றைக்குப் புத்தகம் எடுத்துவரவில்லை. படித்துக் கிழித்தது போதும். போனைத் திறந்தால் நான் அவளுக்குப் பேசி அனுப்பிய பதினோரு நிமிஷப் பேச்சு, அதற்குக் கீழே அவள் அனுப்பிய 'சரிங்கப்பா', அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. ஒரு வாரமாக ஒன்றும் இல்லை. நான் இந்தக் கட்டிலில் படுக்கிற நாளெல்லாம் மத்தியானம் ஒரு போன் போட்டுவிடுவாள், சாப்பிட்டீங்களா, கால் இழுத்ததா, பிரஷர் எவ்வளவு என்று. செவ்வாய்க்கிழமை வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. இன்றைக்குச் சனிக்கிழமை, வராது என்று எனக்கே தெரியும். மகள் தன் வாழ்க்கையை யாரோ எழுதிய ஒரு நாவலாக என் கையில் கொடுத்தாள், நான் அதற்கு மதிப்புரை சொல்லி அனுப்பிவிட்டேன்.

வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நாற்பது வருஷம் வாசகர் கடிதம் எழுதியவனுக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும். சென்னிமலை கைத்தறிச் சங்கத்தில் எழுத்தராக உட்கார்ந்து போர்வைக்கும் துண்டுக்கும் பில் போட்ட நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நான் கடிதம்தான் எழுதினேன். 'ஆ. நல்லசிவம், சென்னிமலை' என்று பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பார்த்துவிட்டால் அந்த வாரம் முழுக்கச் சட்டைக் காலர் நிமிர்ந்தே இருக்கும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் இரண்டு வரி பாராட்டு, பிறகு ஒரு குறை, கடைசியில் ஆசிரியருக்கு வாழ்த்து. குறை கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் பாராட்டுக் கடிதத்தைப் பத்திரிகைக்காரன் குப்பையில் போட்டுவிடுவான், குறை சொன்னால்தான் ஆள் படித்திருக்கிறான் என்று மதிப்பான். குறையே தட்டுப்படாத கதைக்கு என்ன செய்வது, முடிவைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். முடிவு ஒட்டவில்லை என்று எந்தக் கதைக்கும் சொல்லலாம், யாரும் மறுத்துப் பேச முடியாது. சேர்ந்துவிட்டால் சினிமா, பிரிந்துவிட்டால் இலக்கியம், இது என் மண்டையில் எப்போதோ ஏறிய கணக்கு, இன்றுவரை இறங்கவில்லை. போன சனிக்கிழமை நாவலை முடித்த கையோடு இதே கட்டிலில் படுத்துக்கொண்டு பேசினேன், பதினோரு நிமிஷத்தில் இந்தத் துண்டு மட்டும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது, மறந்து தொலைத்தால் நன்றாக இருக்கும். "எழிலு, நாவலப் படிச்சு முடிச்சுட்டேன். நடை நல்லா ஓடுது. அந்தப் புள்ளைங்க ரெண்டும் பழகறது மனசத் தொடுது. ஆனா பாரு, முடிவு ஒட்டல. கடைசி அத்தியாயத்துல அந்த அப்பன் மனசு மாறி ரெண்டு பேத்தையும் ஊட்டுக்குக் கூப்புடறானே, அது எழுதுன ஆளோட ஆச. நெசத்துல எந்த அப்பனும் ஒத்துக்க மாட்டான். பிரிஞ்சு போயிட்டாங்கன்னு முடிச்சிருந்தா கத நின்னிருக்கும்." நெசத்துல எந்த அப்பனும் என்று சொல்லும்போது கொஞ்சம் சிரித்துக்கூட வைத்தேன். அந்தச் சிரிப்பும் அதில் பதிவாகியிருக்கிறது.

புத்தகம் கைக்கு வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எழில் புத்தகம் அனுப்பினால் கூரியரில் வரும், அட்டைப் பெட்டியைப் பிரித்தால் நாலைந்து ஒன்றாகக் கிடக்கும், எது எப்படி என்று ஒருநாளும் கேட்க மாட்டாள். இதை மட்டும் ஒற்றைப் புத்தகமாகக் கையில் எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்தாள். காலையில் வந்தாள், மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டாள், பொழுது சாயும் முன்னே கிளம்பிவிட்டாள். எதற்கு வந்தாள் என்று தெய்வானை கேட்டதற்கு, "சும்மாத்தாம்மா, பாக்கோணும்போல இருந்துச்சு" என்றாள். தெய்வானை என் வீட்டுக்காரி, எதையும் சும்மா என்று விடுகிறவள் இல்லை, அன்றைக்கு என்னவோ விட்டுவிட்டாள். கிளம்புகிறபோது நான் டயாலிசிஸுக்கு எடுத்துப்போகிற துணிப்பையில் அந்தப் புத்தகத்தை எழிலே வைத்தாள். வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள், அட்டையைத் துடைத்தாள், மறுபடி வைத்தாள். "படிச்சுட்டு என்ன தோணுதுன்னு சொல்லுங்கப்பா" என்றாள். நான் பெரிய வாசகன் இல்லையா, என் அபிப்பிராயத்துக்கு மதிப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இந்தச் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் தெய்வானை முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "அந்தப் புள்ள நீங்க புஸ்தகம் படிச்சீங்களா, என்ன சொன்னீங்கன்னு போன வாரம் ரெண்டு வாட்டி எங்கிட்டக் கேட்டா, அப்படி என்னங்க புஸ்தகம் அது" என்றபோதுதான் எனக்கு உறைக்க ஆரம்பித்தது. "அது ஒரு கதை" என்றேன். "என்ன கதை" என்றாள். "ரெண்டு சிநேகிதிக கதை" என்றேன். அவள் கீரையைப் பார்த்துக்கொண்டு, "நம்ம எழிலும் பிரிஸில்லாவுமாட்டவா" என்று சாதாரணமாகக் கேட்டாள். நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, மோட்டாரை நிறுத்தக் கைவரவில்லை.

பிரிஸில்லா. நாகர்கோவில் பக்கத்துப் பெண், பெங்களூரில் பள்ளிக்கூட டீச்சர். எழிலுடன் ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறாள், ரூம்மேட் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, நாங்களும் கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே சொல்லியிருக்கிறோம். போன தீபாவளிக்கு வந்தபோது பச்சைத் திராட்சையை ஃபிரீசரில் போட்டு உறைய வைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டினாள். "அப்பா, தண்ணி குடிக்கப்பிடாதுல்லா, இத ஒண்ணொண்ணா வாயில போட்டு அடக்கிக்கிடுங்க, தாகம் கேக்காது" என்றாள். மூன்று வருஷமாக எந்த டாக்டரும் சொல்லாததை ஒரு பெண் அடுப்படியிலிருந்து சொல்கிறாளே என்று எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அப்படியே அவளை எழிலோடு சேர்த்துப் பார்த்தேன், பார்த்தும் பார்க்கவில்லை. எழில் சாப்பிட உட்கார்ந்தால் பிரிஸில்லாவின் தட்டிலிருந்து வெங்காயம் மட்டும் இவள் தட்டுக்கு வந்துவிடும், பேச்சே இல்லாமல் நடக்கும். நாவலிலும் அப்படி ஒரு இடம் வருகிறது, வேறு ஏதோ, காபியில் படிந்த பாலாடையை எடுத்துக் கொடுப்பது. அந்தப் பக்கத்தில் நான் அழகு என்று சொல்லிக்கொண்டேன். அச்சில் வந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, சாப்பாட்டு மேசையில் நடந்தால் தெரியவில்லை. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் நாற்பது வருஷம் யார் யாருக்கெல்லாம் கடிதம் எழுதினேன்.

ஆனால் கோபமும் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். நேரே சொன்னால் என்ன, அப்பனுக்கு எதற்குப் பரீட்சை. நேரே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டுக்கொண்டால் கோபம் பாதி வடிந்துவிடுகிறது, கத்தியிருப்பேன், அல்லது காது கேட்காதவன் மாதிரி டிவி சத்தத்தைக் கூட்டியிருப்பேன். புத்தகமாகக் கொடுத்தால் இவர் முழுக்கப் படிப்பார், நடுவில் எழுந்து போக மாட்டார், ஊசி வேறு குத்தியிருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். என் மகள்தான். பிறகு பயம். ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பயம், காங்கேயத்தில் என் தங்கை ஒரு ஜாதகத்தை வைத்துக்கொண்டு பொருந்தியிருக்கிறது என்று தெய்வானைக்குத் தினமும் போன் போடுகிறாள், அது ஒரு பயம், இதெல்லாம் பகலில் வருகிற பயங்கள், டீ குடித்தால் கொஞ்சம் அடங்கும். அடங்காத பயம் வேறே. நாவலில் அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, நளினா, வண்டியிலிருந்து விழுந்து ஐசியூவில் கிடக்கிறாள், மற்றவள், சுகந்தி, வெளியே நிற்கிறாள். நீங்க யாரு என்று கேட்கிறார்கள். கூட இருக்கறவ என்கிறாள். சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ளே என்கிறார்கள். சுகந்தி இரண்டு நாள் செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இதைப் படித்து நான் இந்தக் கட்டிலில் அழுதேன். கோகிலா சிஸ்டர் ஓடிவந்து, எங்கேங்க வலிக்குது என்றாள். எங்கே என்று சொல்வது. கடைசி அத்தியாயத்தில் நளினாவின் அப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்து, இவளும் எம் பொண்ணுதான் என்று சொல்லி அவளை உள்ளே அனுப்புகிறான், அதைப் படித்தபோது நான் என்ன நினைத்தேன், அப்பாடா என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நினைத்துவிட்டு, போனை எடுத்து, முடிவு ஒட்டவில்லை என்றேன். பழக்க தோஷம் என்று சொல்லிவிடலாம். ஐந்து நாளாக அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழக்கம் மட்டும்தானா. எந்த அப்பனும் என்று சொன்னபோது குரலில் ஒரு அழுத்தம் இருந்ததே, அது கடிதம் எழுதுகிறவன் அழுத்தம் இல்லையே. எனக்கே தெரியாமல் எனக்குத் தெரிந்திருந்ததா. தெரிந்துதான் முந்திக்கொண்டேனா, அவள் கேட்பதற்கு முன்னால் இல்லை என்று சொல்லிவிட. இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை நின்றுவிடுகிறது, திரும்பி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது, போர்வை, துண்டு, கடிதம், பச்சைத் திராட்சை, சரிங்கப்பா.

காது அடைக்கிறது. இது பிரஷர் இறங்குகிற அறிகுறி, மூன்றாவது மணி நேரத்தில் வரும். கண்ணுக்கு முன்னால் வெளிச்சம் நீர்த்துப்போகும், கொட்டாவி வரும், பிறகு கெண்டைக்கால் சதை திரண்டு இழுக்கும், யாரோ உள்ளே உட்கார்ந்து கயிறு முறுக்குகிற மாதிரி. கோகிலா வந்து கட்டிலின் கால் பக்கத்தைத் தூக்கிவிட்டு மெஷின் தண்ணீர் இழுக்கிற அளவைக் குறைத்தாள், "பேசிக்கிட்டே இருங்க, கண்ண மூடாதீங்க" என்றாள். யாரோடு பேசுவது. போன மாதம் மூலைக் கட்டிலில் இருந்த பெரியவர் இப்படித்தான் கொட்டாவி விட்டார், கண்ணை மூடினார், அவ்வளவுதான், அடுத்த நாள் அந்தக் கட்டிலில் வேறொருவர். எனக்கும் ஒரு நாள் அப்படித்தான், அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, அலுத்துவிட்டது. ஆனால் பதினோரு நிமிஷப் பேச்சுதான் நான் அவளுக்குக் கடைசியாகச் சொன்னது என்று ஆகிவிடுமே. அதை அவள் அழிக்கவும் மாட்டாள், என் குரல் ஆயிற்றே, வைத்துக்கொண்டு கேட்பாள், எந்த அப்பனும் ஒத்துக்க மாட்டான், அந்தச் சிரிப்பு. வலது கைக் கட்டைவிரல் தானாக அவள் பெயரை அமுக்கிவிட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைக்கிறபோது எடுத்தாள். "சொல்லுங்கப்பா." குரல் என் குரலைவிடக் களைத்திருந்தது. "என்ன பண்றே அம்மிணி" என்றேன். "சும்மாத்தான் இருக்கேன். கால் இழுக்குதுங்களா?" "இழுக்குது. அந்தப் புத்தகம் இருக்குதில்ல..." "அத விடுங்கப்பா." "உடறதுக்கில்ல. நான் சொன்னது பொய்யி. முடிவு படிச்சு எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ஒரு கொறை சொல்லோணுமேன்னு சொன்னேன். அதுவும் முழுசா நெசமில்ல. பயந்துக்கிட்டுச் சொன்னேன்." "நாலு வாட்டி கேட்டேங்கப்பா" என்றாள், "எங்கியாச்சும் வேற மாதிரி சொல்லியிருப்பீங்களான்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன்." கெண்டைக்கால் மறுபடி இழுத்தது, நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், அவளுக்கு அது கேட்டிருக்கும். "எழிலு, ஒத்துக்கறதுன்னா எப்படிப் பண்றதுன்னு எனக்குத் தெரியல. அந்தக் கதையில அவன் ஒரே வரியில பண்ணிப்போட்டான், என்னால அப்படி முடியாது, எனக்கு நாளாகும். ஆனா நீ போன் பண்ணாம இருந்தா நான் தாங்க மாட்டேன்." அவள் அழுதாள். சின்ன வயதில் அழுகிற மாதிரியே மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். எனக்கும் வந்தது, துடைக்க ஒரே ஒரு கை, அதில் போன். "பிரிஸில்லா இருக்குதா" என்றேன். "பக்கத்துலதான் இருக்கா." "அடுத்த வாட்டி வாரப்ப ரெண்டு பேரும் சேந்து வாங்க. ரூம்மேட்டுன்னு சொல்லிக்கிட்டு வர வேண்டாம்." "அம்மாகிட்ட யாருங்கப்பா சொல்றது" என்று கேட்டாள். நான் அதுவரை அதை யோசிக்கவே இல்லை. "நாஞ் சொல்றேன்" என்றேன். "எப்பங்கப்பா?" நாளாகும் என்று சற்றுமுன் சொன்ன வாய்தான், "இன்னிக்கே" என்றது.

மெஷின் கூவி ஓய்ந்தது. ரத்தத்தை எல்லாம் திருப்பி உள்ளே அனுப்பிவிட்டு ஊசியை உருவுவார்கள். சனிக்கிழமை ஆள் பற்றாக்குறை, ஊசி உருவினதும் கூட வந்தவர்களைக் கூப்பிட்டு அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிடுவது இங்கே வழக்கம். தெய்வானை வந்தாள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள் போல, கன்னத்தில் சேலை மடிப்பின் கோடு. நான்கு மணி நேரம் நான் படுத்திருக்கிறேன், அவள் உட்கார்ந்திருக்கிறாள், களைப்பு யாருக்கு அதிகம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கோகிலா பஞ்சை வைத்து அவள் இரண்டு விரலையும் அதன் மேல் வைத்து, "பத்து நிமிசம் எடுக்கக் கூடாதுங்கம்மா, எடுத்தா பீச்சி அடிக்கும்" என்று எப்போதும் சொல்வதைச் சொன்னாள். தெய்வானை எப்போதும் போல முழு எடையையும் விரலில் ஏற்றி அழுத்தினாள். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், சாப்பிட்ட பிறகு சொல்லலாம், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்குப் போனால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள், நான் கொல்லைக்குப் போய்விடுவேன், எனக்கு எங்கள் இருவரையும் தெரியும். "தெய்வான, ஒண்ணு சொல்லோணும். வெரல எடுத்துராம கேளு." "சொல்லுங்க." "எழிலுக்கு மாப்பிள பாக்க வேண்டாம். காங்கேயத்துக்குச் சொல்லிரு. நம்ம எழிலும் பிரிஸில்லாவும் புருசன் பொஞ்சாதி மாதிரி இருக்காங்க. ஆறு வருசமா அப்படித்தான் இருக்காங்க. அதத்தான் அவ எனக்குப் புஸ்தகமாக் குடுத்தா, நான் வெளங்காம என்னென்னவோ பேசிப்போட்டேன்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தம் கூடியது, எலும்பு வரை வலித்தது. பக்கத்துக் கட்டிலில் யாரோ செருப்பைத் தேடினார்கள். செருப்பு கிடைத்து அவர்கள் போன பிறகு, மெதுவாக, அண்டை அயலில் யாருக்கும் கேட்காதபடி சொன்னாள். "உங்களுக்காச்சும் புஸ்தகம் குடுத்துச் சொன்னா. எங்கிட்ட எதக் குடுத்துச் சொல்லியிருப்பா?" அவளுக்குப் படிக்க வராது என்று நானும் எழிலும் சேர்ந்து எத்தனையோ விஷயங்களை அவளிடம் சொல்லாமல் விட்டிருக்கிறோம். கோகிலா சிஸ்டர் வந்து குனிந்து பார்த்தாள். "நேரமாயிருச்சுங்கம்மா, ரத்தம் நின்னுருக்கும், எடுங்க பாக்கலாம்." எனக்கே தெரிந்தது, எப்போதோ நின்றுவிட்டது. "இன்னும் நிக்கலீங்க சிஸ்டர்" என்றாள் தெய்வானை, நிமிராமல். விரலை எடுக்கவில்லை.